முள்நாறி மரம் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில், மரங்களுக்கு வாயும் கரடிகளுக்கு வழக்காடத் தெரிந்த நாக்கும் இருந்தபோது, கடாரத்து ஆற்றை எதிர்த்துத் துடுப்பு வலித்துப் போனால் அரைப் பகல் தொலைவில் ஒரு குன்று இருந்தது. அந்தக் குன்றின் உச்சியில் ஒரே ஒரு முள்நாறி மரம். இன்று நாம் டுரியான் என்று சொல்லிக்கொண்டு சண்டை போட்டு வாங்குகிறோமே, அந்த மரம்தான். அப்போது காட்டில் அது ஒன்றுதான் இருந்தது.

அதன் நடப்பு அன்றைக்கு வேறு மாதிரி. காய் எலுமிச்சை அளவுக்குத் திரண்ட நாளிலிருந்தே மணக்க ஆரம்பித்துவிடும். பிஞ்சிலும் அதே மணம், முற்றியபோதும் அதே மணம், பழுத்தபோதும் அதே மணம். அதனால் மூக்கை வைத்துக்கொண்டு எது காய் எது பழம் என்று யாராலும் சொல்ல முடியாது. பழம் தானாக விழவும் விழாது. காம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, பறிப்பார் இல்லையென்றால் கிளையிலேயே தொங்கி அழுகிப் போகும்.

ஆகவே ஒரே வழிதான் இருந்தது. மரத்தைக் கேட்க வேண்டும். யானை வந்தாலும் அணில் வந்தாலும் அடிமரத்தண்டை நின்று, "ஆத்தா, ஆச்சா?" என்று கேட்கும். மரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணாவது கிளையில நுனியிலேருந்து ரெண்டாவது ஆச்சு, எடுத்துக்க. பக்கத்துல இருக்கறது ஆகல, கை வைக்காதே" என்று சொல்லும். சொன்னதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். குரங்குகூட அப்படித்தான் நடந்துகொண்டது. குரங்கே கேட்டு நடந்தது என்றால் அந்த மரத்தின் சொல்லுக்கு இருந்த மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றின் கீழ்க்கரையில் சேந்தன் என்று ஒருவன் இருந்தான். காவிரிக் கரைக்காரன். கப்பலேறி வரும்போது பொன்னும் பொருளும் கொண்டுவரவில்லை, ஈரத்துணியில் சுற்றிய பூவன் வாழைக் கன்றுகளைத்தான் கொண்டுவந்தான். ஆற்றுவண்டலில் அவை பிடித்துக்கொண்டன. இரண்டே வருஷத்தில் துறையில் நிற்கிற கப்பல்காரர்கள் எல்லாம் சேந்தனின் பழத்தாருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

அவனுடைய கெட்டிக்காரத்தனம் மூட்டம் போடுவதில் இருந்தது. காய் முற்றினால் தாரோடு வெட்டுவான். குழிவெட்டி, வாழைச்சருகு பரப்பி, தார்களை அடுக்கி, மேலே இலை மூடி மண் பூசுவான். ஓரத்தில் விட்ட துளை வழியாக வைக்கோல் புகையை ஊதி அடைத்துவிட்டானென்றால், இரண்டாம் நாள் குழியைத் திறக்கும்போது எல்லாத் தாரும் மஞ்சளாகச் சிரிக்கும். எத்தனை பச்சையாக உள்ளே போனாலும் பழமாகத்தான் வெளியே வரும். இதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

"பழம்னா என்னன்னு என்னைக் கேளு" என்பான்.

"நீங்க விட்டா, நிலாவைக்கூடப் பிறையிலேயே வெட்டி மூட்டம் போட்டுப் பௌர்ணமி ஆக்கிடுவீங்க" என்று சிரிப்பாள் அவன் மனைவி வெள்ளாச்சி.

அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் கேடு வந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் வெள்ளாச்சிக்குக் காட்டுக் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டு நாள் கொதித்துவிட்டு உடம்பு குளிர்ந்தது. ஆனால் போன காய்ச்சல் பசியையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. கஞ்சியை வாயில் வைத்தால் மண்ணை வைத்த மாதிரி இருக்கிறது என்பாள். மீன் சாற்றைக் கண்டால் குமட்டும். சேந்தன் தன் குழியிலேயே நல்ல பழமாகப் பார்த்து உரித்துக் கொடுத்தான். அவன் மனம் நோகக் கூடாதென்று ஒரு கடி கடிப்பாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பிவிடுவாள். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கைக்கு ஏறியது.

சேந்தனுக்குப் பயம் வந்தது. அந்தச் சீமையில் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஊரை விட்டுக் கடல் தாண்டும்போது, "எனக்குப் பயமா இருக்கு, ஆனா வரேன்" என்று சொல்லி வந்தவள் அவள் ஒருத்திதான். அவள் போய்விட்டால் அத்தனை வாழையும் எதற்கு?

அப்படி இருக்கையில் ஒரு சாயங்காலம் குன்றின் பக்கமிருந்து காற்று அடித்தது. சுவரில் சாய்ந்துகிடந்த வெள்ளாச்சி தலையைத் தூக்கினாள்.

"என்னங்க அது?"

"எது?"

"இந்த மணம். நெய்யில வெங்காயத்தை வதக்கி, அதுல வெல்லத்தை உடைச்சுப் போட்ட மாதிரி இருக்கே."

சேந்தன் மோந்து பார்த்தான். ஆமாம், லேசாக ஏதோ இருந்தது. அவனுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை. ஆனால் அவன் கண்ணெதிரே அவள் கஞ்சிச் சட்டியைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு, மூச்சை ஆழ இழுத்து இழுத்து, நாலு வாய் குடித்தாள். காற்று நின்றதும் சட்டியை வைத்துவிட்டாள்.

மறுநாளும் அப்படியே. குன்றுக்காற்று வீசினால் நாலு வாய் இறங்கும், வீசாத நாளில் ஒன்றும் இறங்காது. மணமே நாலு வாய்க் கஞ்சியை இறக்குகிறதென்றால் பழத்தைத் தின்றால் இவள் எழுந்து நடமாடிவிட மாட்டாளா என்று சேந்தன் நினைத்தான். நினைத்தது தப்பில்லை. படகை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போனான்.

மரத்தடியில் ஒரு தேன்கரடி உட்கார்ந்திருந்தது. ஆள் குட்டை. மார்பில் மஞ்சள் பிறை. கண் பார்வை மட்டு, மூக்கு மட்டும் நாலு காட்டுக்குக் காணும். அந்த மூக்கின் நுனியில் எப்போதும் கோபம்.

"யாருடா அது? வாழைப்பழ வாசனை அடிக்குது" என்றது.

"நான்தான், கீழ்க்கரைச் சேந்தன். பழம் ஒண்ணு வேணும்."

"எனக்கும்தான் வேணும். கேட்டுட்டு எடு. இங்க கேக்காம எடுக்கற வழக்கம் இல்ல."

சேந்தன் அடிமரத்தில் கைவைத்து நின்றான். அண்ணாந்து பார்த்தால் கிளைக்குக் கிளை முள்ளுமுள்ளாய்த் தொங்கியது. "ஆத்தா, ஆச்சா?" என்றான்.

"ஆகல" என்றது மரம்.

"எப்ப ஆகும்?"

"ஆகும்போது ஆகும்."

சேந்தன் வெள்ளாச்சியின் கதையைச் சொன்னான். வளையல் முழங்கைக்கு ஏறியதையும் சொன்னான். மரம் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னது:

"பத்து நாள் பொறுத்துக்க, மகனே. இந்த வருஷத்து முதல் பழம் உன் பெண்டாட்டிக்கு. அதுவரைக்கும் மணத்தை உன் வீட்டுப் பக்கம் அனுப்பறேன். அவ தாங்கிடுவா."

"முதல் பழம் எங்கப்பன் காலத்துலேருந்து எங்களுக்குத்தானே வரும்!" என்று கரடி எகிறியது.

"இந்த வருஷம் உனக்கு ரெண்டாவது. சும்மா இரு" என்றது மரம். கரடி முணுமுணுத்துக்கொண்டே தேன் தேடப் போய்விட்டது.

மரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. தினமும் சாயங்காலம் ஆற்றைத் தாண்டிக் காற்று வந்தது. வெள்ளாச்சி நாலு வாய், சில நாள் அஞ்சு வாய் குடித்தாள். "பத்து நாள்தானே, ஓடிப்போயிடும்" என்றும் சொன்னாள்.

ஆனால் சேந்தனால் சும்மா இருக்க முடியவில்லை. தினமும் குன்றுக்குப் போவான். "ஆச்சா?" "ஆகல." மறுநாள், "ஆச்சா?" "ஆகல." ஐந்தாம் நாள் ஊரில் மழை கொட்டி, காற்று வரவில்லை. வெள்ளாச்சி பட்டினி கிடந்தாள். அன்று முழுக்க அவன் அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான். இன்னும் ஐந்து நாள் காற்று வராமலே போனால்? அதற்குள் இடி விழுந்தால்? யாரோ கேட்காமல் பறித்துப் போனால்? நல்ல எண்ணம் ஒன்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. கடைசியில் தோன்றியது ஒன்று இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

'மரத்துல ஆகறதுக்குப் பத்து நாள். என் குழியில ஆகறதுக்கு ரெண்டே நாள்.'

ஆறாம் நாள் உச்சிவெயிலில் போனான். உச்சிவெயிலில் மரங்கள் கண்ணயரும், இலை தொங்கிக் கிடக்கும். கரடியும் அங்கே இல்லை. இடுப்பில் தார் வெட்டும் அரிவாளோடும் தோளில் கயிற்றோடும் ஏறினான்.

ஒன்றை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தால்கூடக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் சேந்தன் வாழைக்காரன். வாழைக்காரன் எங்காவது ஒற்றைக் காயை வெட்டுவானா? அவன் கைக்குத் தெரிந்ததெல்லாம் தாரோடு சாய்ப்பதுதான். இந்தக் கிளை, அடுத்த கிளை, அதற்கடுத்த கிளை என்று கை ஓயாமல் வெட்டிக் கயிற்றில் கட்டிச் சத்தமில்லாமல் இறக்கினான். கீழே வந்து பார்த்தால் படகு நிறைந்துவிட்டது. அண்ணாந்தால் மரத்தில் இலைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து குழி வெட்டும்போது வெள்ளாச்சி கேட்டாள்.

"இத்தனையுமா? ஆத்தாவைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றான். கேட்டது நிஜம்தான். கிடைத்த பதிலைத்தான் விழுங்கிவிட்டான்.

சருகு பரப்பி, காய்களை அடுக்கி, மண் பூசி, புகை ஊதினான். வாழைக்கு ஊதுவதைவிட ஒரு பங்கு அதிகமாகவே ஊதினான். வாழைக்குழி என்றால் இரண்டாம் நாள் மண்ணில் விரிசல் விட்டாலே மணம் தெருவுக்கு வந்துவிடும். இந்தக் குழியிலிருந்து புகைநாற்றம் தவிர ஒன்றும் வரவில்லை. தோல் கனமாயிற்றே, இன்னொரு நாள் போகட்டும் என்றான். மூன்றாம் நாள் திறந்தான். காய்கள் போட்டபடியே பச்சையாகக் கிடந்தன. அரிவாளைப் பிடித்து ஒன்றைப் பிளக்க முயன்றான், கை வலித்ததே தவிர காய் வாய் திறக்கவில்லை. கடைசியில் மண்வெட்டியால் போட்டுப் பிளந்தான்.

உள்ளே சுளை வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் அமுங்காமல் இருந்தது. மோந்து பார்த்தான். ஒன்றுமே இல்லை. எலுமிச்சை அளவில் இருந்தபோதே மணந்த காய், புகைக்குள் போய் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு நின்றது.

இருந்தாலும் ஒரு சுளையை எடுத்துக்கொண்டு போய் வெள்ளாச்சியின் வாயில் வைத்தான். அவள் மென்றாள். அவனுக்காக ரொம்ப நேரம் மென்றாள். பிறகு உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"அந்தப் பழம்தான், புள்ள."

"இல்லீங்க. இது மரத்தூள் மாதிரி இருக்கு."

மழையில் இத்தனை நாளும் நின்றிருந்த குன்றுக்காற்று அன்று சாயங்காலம் வந்தது. வெள்ளாச்சி கஞ்சிச் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கினாள். ஈர இலை வாசனை வந்தது, ஆற்றுச் சேற்றின் வாசனை வந்தது. வேறொன்றும் வரவில்லை. மரத்தில் மணக்கக் காய் இருந்தால்தானே வரும்? இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"காத்து வெறுங்காத்தா வருதே. என்ன பண்ணினீங்க?"

அப்போதுதான் அவன் உள்ளதைச் சொன்னான். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. எனக்காகத்தானே வெட்டினீங்க. நானே போய்க் கேட்டுக்கறேன்" என்றாள்.

விடிந்ததும் அவளைப் படகில் கிடத்திக் கொண்டுபோனான். குன்றின் மேல் தூக்கிக்கொண்டு ஏறும்போது அவள் கனமே தெரியவில்லை. அது அவனை என்னவோ செய்தது.

மரத்தடியில் கரடி நின்றது. மூக்கெல்லாம் காயம். மணம் நின்றுபோனதால் வழி தெரியாமல், மூன்று நாளாக மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டு அலைந்திருக்கிறது.

"வந்துட்டியா வாழைக்காரா! எனக்குக் கண்ணு பாதி, மூக்கு மீதி. அந்த மீதியையும் பிடுங்கிட்டியே. ரெண்டாவது பழம்னாங்க, அதுவும் போச்சு. உன்னைக் கிழிச்சுப் போட்டா என்ன?"

"கிழிச்சுக்க. ஆனா இவ பொழைச்சப்புறம் கிழிச்சுக்க" என்றான் சேந்தன்.

வெள்ளாச்சி மரத்தின் வேரில் தலையைச் சாய்த்துக் கைகூப்பினாள். "ஆத்தா, தப்பு எங்களுதுதான். எங்களைப் பொறுத்துக்கணும்" என்றாள்.

 மரத்தின் குரல் தாழ்ந்திருந்தது. கோபத்தைவிட அதில் வருத்தம்தான் இருந்தது.

"உன் மேல எனக்கு என்னம்மா கோபம்? ஆனா ஒண்ணு. இத்தனை காலம் நான் 'ஆகல'ன்னா எல்லாரும் கேட்டாங்க. இவன் கேக்கல. ஒருத்தன் கேக்கலேன்னு ஆனப்புறம் நாளைக்கு இன்னொருத்தன் கேக்க மாட்டான். அதனால இனிமே நான் வாயால சொல்லப் போறதில்ல.

"உச்சிக் கிளையில இலை மறைவுல ஒரே ஒரு காய் இருக்கு. இவன் அரிவாள் கண்ணுக்குப் படல. அதோட மணத்தை எல்லாம் உள்ளே இழுத்துத் தாழ் போட்டுட்டேன். இனி மரத்துல இருக்கறவரைக்கும் என் காய் மணக்காது. ஆச்சுன்னா நானே கையை விடுவேன். விழுந்தப்புறம் அதுவே வாயைத் திறந்து ஊருக்கெல்லாம் சொல்லும். ஓரிரண்டு நாள் முந்தி அறுத்தவனுக்குப் பாதி மணம் கிடைக்கும். அதுக்கும் முந்தி அறுத்தவனுக்கு, நீ தின்னியேம்மா, அதுதான் கிடைக்கும்."

"எத்தனை நாள் ஆகும், ஆத்தா?" என்றான் சேந்தன்.

பதில் வரவில்லை. இன்னொரு முறை கேட்டான். அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதும் கேட்டான். மரம் பேசி முடித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மரம் பேசி யாரும் கேட்டதில்லை.

இலையால் ஒரு குடில் போட்டு வெள்ளாச்சியைப் படுக்க வைத்தான். ஆற்றுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டான். கரடியும் போகவில்லை. போகவும் அதற்கு இடமில்லை. மூவரும் ஒரே காயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரடிக்கு அது தெரியவே தெரியாது, இருந்தாலும் அதுவும் அண்ணாந்திருந்தது.

முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் போயிற்று. மூன்றாம் நாள் வெள்ளாச்சி தண்ணீரையும் வேண்டாமென்றாள். நாலாம் நாள் மத்தியானம் கூப்பிட்டால் கண்ணைத் திறக்க நேரமாயிற்று. சேந்தன் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடிமரத்தில் கால் வைத்தான்.

பின்னால் அவன் வேட்டியின் நுனியை ஏதோ இழுத்தது. குடிலுக்குள்ளிருந்து கை மட்டும் நீண்டிருந்தது.

"ஏறாதீங்க."

"உன்னைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"ஆமா. சும்மாதான் இருக்கணும். உங்களுக்கு வராத வேலை அது ஒண்ணுதான். எனக்காகச் செய்யுங்க."

"அதுக்குள்ள நீ போயிட்டா?"

"போனா போறேன். மறுபடியும் அந்த மரத்தூளை வாயில வச்சுக்கிட்டுப் போக மாட்டேன்."

அத்தனை முடியாத நிலையிலும் அவள் உதட்டோரத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் இருந்தது. சேந்தனால் அதைப் பார்க்க முடியவில்லை. காலை எடுத்தான். அரிவாளை உருவிக் கரடியிடம் நீட்டினான்.

"இதை நீ வச்சுக்க. என் கிட்ட இருந்தா நான் ஏறிடுவேன்."

கரடி அதைத் தடவிப் பார்த்துக் கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. "இனிமே இது எங்கேயும் போகாது" என்றது. அன்றுதான் அது அவனிடம் முதல் முதலாகக் கோபமில்லாமல் பேசியது.

சேந்தன் வெள்ளாச்சியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வெட்டவும் இல்லை, ஊதவும் இல்லை, மூடவும் இல்லை. கையைச் சும்மா வைத்திருப்பது அவனுக்கு அவ்வளவு வலித்தது. அவள் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

கிழக்கே வெளுக்கும் நேரம். இலை மேல் பனி சொட்டும் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று மேலே கிளை சலசலத்தது.

பொத்!

குடிலுக்கு நாலு முழம் தள்ளி, யார் தலையிலும் படாமல் விழுந்தது. விழுந்த மறுகணம் மணம் கிளம்பியதே, அதை என்னவென்று சொல்ல! முன்பெல்லாம் பாதி வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டில் பரவிக் கிடந்த மணம், இப்போது ஒரே பழத்துக்குள் அடைபட்டுக் கிடந்து ஒரேயடியாக வெளியே வந்தது. குன்று முழுக்க நிறைந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யானைகள் விழித்துக்கொண்டு தும்பிக்கையைத் தூக்கின.

சேந்தன் எழுந்திருப்பதற்குள் கரடி பாய்ந்துவிட்டது. மூக்கு திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் நேராகப் போய்ப் பழத்தைக் கட்டிக்கொண்டது. முள் குத்தியதைக்கூட அது கவனிக்கவில்லை.

சேந்தன் இரண்டடி தள்ளியே நின்றான். ஒரே பழம். முதலில் கண்டது கரடி. நாலைந்து நாளாக அதுவும் பட்டினி, அதற்குக் காரணம் அவனேதான். அரிவாளோ அதன் இடத்தில் கிடந்தது, இப்போது யாரும் அதன் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. எடுக்கலாம். அவன் எடுக்கவில்லை. கேட்கலாம். எந்த முகத்தோடு கேட்பான்?

குடிலுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அண்ணே, ஆச்சா?"

கரடி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை அது பிறந்த நாளிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறது. அதனிடம் ஒருவரும் கேட்டதில்லை. பதில் சொல்லவேண்டிய மரம் வாயை மூடிக்கொண்டு நின்றது. கரடி பழத்தை மோந்தது. மரத்தைப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஆச்சு, தங்கச்சி" என்றது.

நகத்தை வைத்து இரண்டு பக்கமும் இழுத்தது. சேந்தனின் மண்வெட்டிக்கே மசியாத தோல், ஆன பழமாதலால், கோடு கோடாகப் பிளந்து விட்டுக்கொடுத்தது. உள்ளே ஐந்து அறை. அறைக்கு அறை வெண்ணெய் போலச் சுளை. கரடி முதல் சுளையை எடுத்துத் தட்டுத் தடுமாறிக் குடிலுக்குள் நீட்டியது.

வெள்ளாச்சி வாங்கி வாயில் வைத்தாள். மெல்ல வேண்டியிருக்கவில்லை, அதுவே கரைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். சேந்தன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறி இறங்கியது.

"இனிப்பா இருக்கு" என்றாள். "கொஞ்சம் கசப்பும் இருக்கு. ஏங்க, எனக்குத் தெரியுதுங்க. ருசி தெரியுது."

சேந்தன் வாய்விட்டு அழுதான். கரடிக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியாவிட்டாலும் அதுவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டது. மூன்று அறைச் சுளையை வெள்ளாச்சி கொட்டையை நக்கிச் சுத்தமாகத் தின்றாள். இரண்டு அறையைக் கரடி தின்றது.

"எனக்கு?" என்று சேந்தன் கேட்கவில்லை. கரடியாகவே சொன்னது: "உனக்குக் கொட்டை. கொண்டுபோய் ஊன்று. மூட்டம் போட்டுடாதே."

அவன் ஊன்றினான். வெள்ளாச்சி எழுந்து நடமாடி, தண்ணீர் சுமந்து அவற்றுக்கு ஊற்றினாள். அந்தக் கன்றுகள் மரமாகிக் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆயிற்று. காய்த்தபோது அவற்றில் ஒன்றும் பேசவில்லை, ஒரு காயும் மரத்தில் மணக்கவில்லை. சேந்தன் அரிவாளை வாழைத் தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, டுரியான் மரத்தடியில் குடில் போட்டு மனைவியோடு காத்திருந்தான். முதல் பழம் விழுந்ததும் அவர்கள் தொடவில்லை. அது குன்றுக்குப் போயிற்று, கரடிக்கு. அதற்கடுத்த பழத்தைத்தான் சேந்தன் வாழ்க்கையில் முதல் முறையாகத் தின்று பார்த்தான். அப்போதும் அந்த மணம் அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு சுளையைக்கூட மீதி வைக்கவில்லை.

அவசரக்காரர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. தூரதேசத்துச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் இன்றும் மரத்திலேயே அறுக்கிறார்கள். அறுப்பதற்கு முன் காயைக் கோலால் தட்டி, காதை வைத்துக் கேட்கிறார்களே, அது என்னவென்று நினைக்கிறீர்கள்? "ஆச்சா?" என்று கேட்பதுதான். மரம் சொல்லாததைக் காய் அரைகுறையாகச் சொல்லும். கெட்டிக்காரனுக்குப் பாதி மணம் கிடைக்கும், அரைகுறை ஆசாமிக்கு மரத்தூள் கிடைக்கும்.

அன்று முதல்தான் டுரியான் தன் மணத்தை உள்ளே பூட்டிக்கொண்டு, ஆனபிறகு தானே கையை விட்டு விழுகிறது. அன்று முதல்தான் அதன் அருமை தெரிந்தவர்கள் கத்தியை எட்டி வைத்துவிட்டு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இலைக்கு நடுவே 'பொத்' என்று சத்தம் கேட்டதும் அவர்களில் யாராவது ஒருவர், கேள்வி கேட்டது யாரென்றே தெரியாமல், "ஆச்சு" என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறார்.